முறை காப்பதும் வணக்கமே

(ஹஜ் பயணிகளுக்கான வழியனுப்பு நிகழ்ச்சியில் ஜமாஅத் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

ஏக இறைவனின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

இவ்வாண்டு புனித ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்படவிருக்கும் நம் ஜமாஅத் ஹாஜிகளை வாழ்த்தி வழியனுப்பவே இங்குக் கூடியிருக்கிறோம். இஹ்ராம், தவாஃப், ஸஃயீ ஆகியவற்றின் சட்டதிட்டங்களை ஹஜ்ரத் அவர்கள் முந்தைய அமர்வில் விளக்கமாக எடுத்துரைத்துவிட்டார்கள். அவற்றைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு இல்லை. வேறொரு செய்தியைப் பற்றியே உங்கள் முன் சில சொற்களை வைக்க விழைகிறோம். பல லட்சம் மக்கள் ஒரே நாளில், ஒரே வழியில், ஒரே நோக்குடன் செல்லும்போது அந்தக் கூட்டத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதே அச்செய்தி. இது காவல் துறையும் அரசும் மட்டும் கவலைப்பட வேண்டிய காரியம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு அன்று என்பதை நம் ஊர்ச் சாலையே நமக்குக் கற்றுத் தந்தது.

நம் வாசலில் கற்ற பாடம்

தை மாதம் பிறந்துவிட்டால் நம் காங்கேயத்தின் சாலைகள் உறங்குவதில்லை. தைப்பூசத்திற்காக ஈரோட்டுப் பக்கமிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் இரவும் பகலும் நம் ஊரைக் கடந்து தாராபுரம் சாலையில் நடக்கின்றனர். அதே நாட்களில் அருகிலுள்ள சிவன்மலையிலும் தேர்த்திருவிழா நடைபெறுவதால் சுற்று வட்டாரமே திரண்டு வருகிறது. தோளில் காவடியோடும், தலையில் மூட்டையோடும், கைக்குழந்தைகளோடும் நடக்கும் அம்மக்கள் அருகிலேயே நெல்லும் தேங்காயும் ஏற்றிய லாரிகளும், கோவைக்கும் கரூருக்கும் செல்லும் பேருந்துகளும் விரைகின்றன. இருட்டில் நடப்போரை ஓட்டுநர்கள் காணும் பொருட்டு, ஒளி பட்டால் மின்னும் பட்டைகளைப் பைகளிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்ளுமாறு அவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு வெள்ளிக்கிழமை. ஜுமுஆ தொழுகைக்கு வந்த நாம், நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் நம் இருசக்கர வாகனங்களைச் சாலையோரத்து மண் தடத்திலேயே வரிசையாக நிறுத்திவிட்டுப் பள்ளிக்குள் சென்றோம். தொழுது முடித்து வெளியே வந்தபோது கண்ட காட்சி நம்மைத் தலைகுனியச் செய்தது. நடப்பதற்கு ஓரம் இல்லாததால், பாதயாத்திரையாக வந்தவர்கள் தார்ச்சாலையின் நடுவே இறங்கி நடந்துகொண்டிருந்தனர். ஒரு மூதாட்டியை உரசும் தொலைவில் ஒரு லாரி பெரும் சத்தத்துடன் நின்றது. அல்லாஹ்வின் அருளால் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அன்று அங்கு ஓர் உயிர் போயிருந்தால், அதற்கு லாரி ஓட்டுநரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்திருக்க முடியுமா? வணக்கத்திற்கு விரைந்த நம் அவசரமே அந்த மூதாட்டியைச் சாலையின் நடுவே தள்ளியிருந்தது.

அதற்கடுத்த ஆண்டு முதல் தைப்பூச நாட்களில் சாலையோரத்தில் வாகனம் நிறுத்துவதில்லை என நிர்வாகக் குழு முடிவு செய்தது. நம் இளைஞர்கள் இருவர் வாசலில் நின்று வாகனங்களைப் பின்புறத் திடலுக்கு அனுப்புகின்றனர். செலவேதும் இல்லாத ஏற்பாடு. ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்பதே நாம் கொடுக்கும் விலை. அந்த ஐந்து நிமிடத்தைத்தான், ஹாஜிகளே, மக்காவிலும் உங்களிடம் கேட்கப் போகிறோம்.

முறைத் தண்ணீர்

கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் கலை நம் கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் நம் பகுதிக்கு எவ்வாறு வருகிறது என்பதை விவசாயம் செய்யும் நம் சகோதரர்கள் அறிவார்கள். ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கருக்கு ஒரே நேரத்தில் பாய்ச்சத் தண்ணீர் இல்லை. ஆகவே பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத் திறக்கிறார்கள். மேலே உள்ள ஒருவர் தம் முறை வருமுன் மடையைத் திறந்துகொண்டால், அவருக்குக் கிடைப்பது சிறிதளவு நீரே. ஆனால் கடைமடையில் இருக்கும் வெள்ளகோவில், காங்கேயம் பகுதி விவசாயியின் பயிர் கருகிவிடுகிறது. முறை தவறியவர் தாம் செய்த கேட்டைக் கண்ணால் காண்பதில்லை. கேடு பல கல் தொலைவில் நிகழ்கிறது.

மக்கள் கூட்டமும் இவ்வாறே. முன்னால் ஒருவர் திடீரென நின்றால், அல்லது எதிர்த்திசையில் திரும்பினால், அதன் விளைவு அவருக்குப் பின்னால் வெகு தூரத்தில் நிற்பவர் மீது விழுகிறது. பின்னால் நின்று தள்ளுகிறவருக்கோ முன்னால் ஒருவர் மூச்சுத் திணறுவது தெரிவதில்லை.

இரண்டு நகரங்கள்

நம் தமிழகத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18 அன்று கும்பகோணத்தில் மகாமகத்தின்போது குளத்தைச் சுற்றித் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு, ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தனர். ஒரே குளத்தில், ஒரே நல்வேளையில் நீராட வேண்டும் என்ற ஆவல் அனைவரையும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் கொண்டுவந்து நிறுத்தியது.

2019ஆம் ஆண்டு காஞ்சிபுரத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை குளத்திலிருந்து எடுக்கப்படும் அத்திவரதர் சிலையைக் காண ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. காஞ்சிபுரமோ குறுகிய தெருக்களும் நெசவாளர் வீடுகளும் நிறைந்த பழைய நகரம். அவ்வளவு மக்களையும் வாகனங்களோடு உள்ளே விட்டிருந்தால் ஊர் தாங்கியிருக்காது. ஆகவே ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டை முதலிய இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டு, வெளியூர் வாகனங்கள் அங்கேயே நிறுத்தப்பட்டன. அங்கிருந்து சிற்றுந்துகளிலும் நடந்தும் மக்கள் கோயிலை அடைந்தனர். இவ்வளவு ஏற்பாடுகளுக்கிடையேயும் ஜூலை 18 அன்று கூட்டம் அளவு மீறியபோது நான்கு பேர் உயிரிழந்தனர்.

பிற சமயத்தாரின் நிகழ்ச்சிகளை நாம் இங்கு எடுத்துக் கூறுவது குறை காண்பதற்காக அன்று. பக்தியால் திரளும் கூட்டம் எதுவாயினும் அதன் இயல்பு ஒன்றே என்பதை உணர்வதற்காகவே. நம் ஹஜ்ஜின் வரலாறும் இதே கண்ணீரை அறிந்ததுதான்.

மக்கா கண்ட துயரங்கள்

1990ஆம் ஆண்டு ஜூலை 2 அன்று மக்காவிற்கு அருகே பாதசாரிகளுக்கான சுரங்கவழி ஒன்றில் ஏற்பட்ட நெரிசலில் 1,426 ஹாஜிகள் உயிரிழந்தனர். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று மினாவின் துணிக் கூடாரங்களில் பற்றிய தீயில் 343 பேர் மாண்டனர். அவர்களுள் நம் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தோர் பலர். 2004இல் ஷைத்தானுக்குக் கல்லெறியும் ஜம்ராவில் 251 பேரும், 2006ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று அதே இடத்தில் 340க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். 2006இல் நிகழ்ந்தது நம் ஹாஜிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. அன்று துல்ஹஜ் பிறை 12. மினாவை விட்டுப் புறப்படும் நாள். நண்பகல் சாய்ந்தவுடன் கல்லெறிந்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று எண்ணிய பலர், தம் பயண மூட்டைகளையும் கையோடு கொண்டுவந்தனர். பாலத்தின் நுழைவாயிலில் விழுந்து கிடந்த மூட்டைகளில் முன்னால் சென்றவர்கள் கால் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் நிற்க இயலாமல் அவர்கள் மீது விழுந்தனர். ஒரு மூட்டையை அறையில் விட்டுவர மனமில்லாததன் விலை இது.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று மினாவில் 204ஆம் தெருவும் 223ஆம் தெருவும் கூடும் இடத்தில் நிகழ்ந்த நெரிசலில் 769 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. தத்தம் நாட்டவரின் இறப்பைப் பற்றி நாடுகள் தனித்தனியே வெளியிட்ட கணக்கைக் கூட்டினால் அது இரண்டாயிரத்தைத் தாண்டியது.

ஒரு நகரம் தன்னை மாற்றிக்கொண்ட விதம்

ஒவ்வொரு துயரத்திற்குப் பின்னும் மக்காவும் மினாவும் தம்மை மாற்றி அமைத்துக்கொண்டன. 1997 தீ விபத்திற்குப் பின் மினா பள்ளத்தாக்கில் எளிதில் தீப்பற்றாத கூடாரங்கள் நிறுவப்பட்டன. கூடாரத்தில் எரிவாயு அடுப்பு வைத்துச் சமைப்பது தடை செய்யப்பட்டது. 2004க்குப் பின் ஜம்ராவின் தூண்கள் நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டன. தூணாக இருந்தபோது மக்கள் நாற்புறமும் சூழ்ந்து நின்று எறிந்தனர். எறிந்தவர் திரும்பி வர, எறியப் போகிறவர் எதிரே செல்ல, இரண்டு வெள்ளமும் மோதின. சுவர் நீண்டிருப்பதால் ஒரே திசையில் நடந்துகொண்டே எறிந்துவிட்டு அப்படியே வெளியேற முடிகிறது.

2006 துயரத்திற்குப் பின் பழைய ஜம்ராப் பாலம் இடிக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் ஐந்து தளங்கள் கொண்ட புதிய பாலம் எழுப்பப்பட்டது. உள்ளே செல்ல ஒரு வழி, வெளியேற வேறு வழி. மணிக்கு மூன்று லட்சம் பேர் கடந்து செல்லும் வகையில் அது அமைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நம் காங்கேயம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 32,000. அதைப் போல் ஒன்பது மடங்கு மக்கள் ஒரு மணி நேரத்தில் கடக்கும் பாலம் அது.

2010ஆம் ஆண்டில் அரஃபா, முஸ்தலிஃபா, மினா ஆகிய இடங்களை இணைக்கும் ரயில் தொடங்கப்பட்டது. ஒன்பது நிலையங்கள். ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஆண்டு முழுவதும் ஓய்ந்திருக்கும் அந்த ரயில், ஹஜ்ஜின் சில நாட்கள் மட்டும் இயங்குகிறது. மணிக்கு ஒரு திசையில் 72,000 பேரை ஏற்றிச் செல்லும் திறனுடன் அது கட்டப்பட்டது. மக்காவிலிருந்து அரஃபா வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதாவது காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் வரை உள்ள தொலைவு. அந்தச் சிறிய தொலைவிற்குள், 2025ஆம் ஆண்டில் 16,73,230 ஹாஜிகள் ஒரே அட்டவணையின்படி இடம் பெயர்ந்தனர். 2012இல் இந்த எண்ணிக்கை 31 லட்சத்தையும் தாண்டியிருந்தது.

இவ்வளவு பாலமும் ரயிலும் கூடாரமும் இருக்கும்போது நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என நீங்கள் கேட்கலாம். 2015ஆம் ஆண்டின் துயரம் நிகழ்ந்தபோது புதிய பாலமும் இருந்தது, ரயிலும் இருந்தது என்பதே அதற்கு விடை. பாலத்திற்குச் செல்லும் தெருவில் அது நிகழ்ந்தது. கல்லும் இரும்பும் செய்யக்கூடியதை அவை செய்துவிட்டன. எஞ்சியிருப்பது மனிதர் செய்ய வேண்டியது.

நெரிசல் உயிரைப் பறிக்கும் விதம்

கூட்டத்தில் இறப்பவர்கள் மிதிபட்டே இறக்கின்றனர் என்றும், பயந்து ஓடுவதாலேயே நெரிசல் உண்டாகிறது என்றும் நாம் நினைக்கிறோம். இதனை ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகக் கூறுகின்றனர். 2006ஆம் ஆண்டு ஜம்ராவில் பதிவான காட்சிகளை டிர்க் ஹெல்பிங் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கூட்டம் ஓரளவிற்கு மேல் அடர்ந்துவிட்டால் முதலில் அது நின்று நின்று நகர்கிறது. பின்னர் மனிதர் தம் விருப்பப்படி கால் வைக்கும் நிலையை இழந்து, அலையில் அகப்பட்டவர்போல் எல்லாத் திசைகளிலும் தள்ளப்படுகின்றனர்.

ஒரு சதுர மீட்டர் என்பது ஒருவர் தொழும் விரிப்பைவிடச் சற்றே பெரிய இடம். அதில் நால்வர் நின்றால் இடித்துக்கொண்டாவது நகரலாம். அதே இடத்தில் ஆறு, ஏழு பேர் நின்றுவிட்டால் கூட்டம் மனிதரின் கட்டுப்பாட்டில் இல்லை. அந்நிலையில் பெரும்பாலோர் இறப்பது நின்றபடியே, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டியே. அதுவரை எவரும் ஓடவில்லை, எவரும் தீய நோக்கம் கொள்ளவும் இல்லை. எல்லோரும் சிறிது முன்னால் செல்ல விரும்பினர், அவ்வளவே. அந்தச் சிறிதளவு விருப்பங்கள் பல்லாயிரம் சேர்ந்து ஒரு மனிதரின் மார்பின் மீது பாரமாக இறங்குகின்றன.

ஆகவே கூட்டம் கட்டு மீறிய பின்னர் செய்வதற்கு மிகக் குறைவே உள்ளது. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்னரே செய்யப்பட வேண்டும். குறித்த நேரத்தில் புறப்படுவதும், குறித்த வழியில் செல்வதும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதும் இதனாலேயே உயிர்காக்கும் செயல்களாகின்றன.

நபிகளார் (ஸல்) காட்டிய வழி

இது புதிய காலத்தின் அறிவு என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜை நிறைவேற்றியபோது, அரஃபாவிலிருந்து திரும்பும் வேளையில் தம் ஒட்டகத்தின் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மக்களை நோக்கிக் கையசைத்து, அமைதியாகச் செல்லுமாறு அறிவுறுத்தினார்கள் என நபிமொழித் தொகுப்புகள் தெரிவிக்கின்றன. இறைத்தூதரைப் பின்தொடரும் மக்களுக்கு அந்த இரவில் கற்பிக்கப்பட்டது வேகம் அன்று, நிதானமே.

அதே இரவில் முஸ்தலிஃபாவில், உடல் கனத்து மெதுவாக நடக்கும் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்டம் புறப்படுமுன் முன்னதாகச் செல்ல அனுமதி கேட்டார்கள். அண்ணலார் (ஸல்) அனுமதி அளித்தார்கள். தம் குடும்பத்தின் பலவீனர்களையும் இரவிலேயே முன்னதாக அனுப்பிவைத்தார்கள். ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிடக் கூட்டத்தை நெருக்க வேண்டாம், நீர் வலிமை மிக்கவர், பலவீனருக்குத் துன்பம் நேரும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டதையும் நம் பெரியவர்கள் எடுத்துரைப்பார்கள்.

சகோதரர்களே, மார்க்கம் தந்த இச்சலுகைகளைப் பயன்படுத்துவது ஈமானில் குறைவு ஆகாது. நாம் ஹஜ்ஜுக்குச் செல்வதே கட்டளைக்குக் கீழ்ப்படிவதற்காக. நம் பேறு பெரிதாக வேண்டும் என்பதற்காக இன்னொருவர் விலா எலும்பின் மீது முழங்கையை ஊன்றுவது எந்த வணக்கத்தில் சேரும்? தள்ளாத வயதுடையோர் கல்லெறிய வேறொருவரை நியமிக்கலாமா, எந்நேரம் எறியலாம் என்பனவற்றை ஹஜ்ரத் அவர்களிடம் இப்போதே கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். மினாவில் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு சட்டம் கேட்க முடியாது.

அனுமதியில்லாப் பயணம் வேண்டாம்

இனி, சற்று வருத்தத்துடனும் உறுதியுடனும் கூற வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இந்தியாவிற்கு ஒதுக்கப்பட்டுவந்த இடங்கள் 1,75,025. விண்ணப்பிப்போர் அதைவிட மிகுதி. குலுக்கலில் பெயர் வராதவர்களின் ஏக்கத்தை நாம் அறிவோம். அந்த ஏக்கத்தைக் காசாக்கும் சிலரும் இருக்கின்றனர். சுற்றுலா விசாவிலோ, உறவினரைக் காணும் விசாவிலோ சென்று ஹஜ்ஜும் செய்துவிடலாம் என்று அவர்கள் ஆசை காட்டுகின்றனர்.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சில மாதங்களுக்கு முன், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் இவ்வாறான ஒரு முகவரிடம் முன்பணம் கொடுக்கவிருந்தனர். நிர்வாகக் குழுவினர் அவர்கள் இல்லத்திற்குச் சென்று தடுத்தோம். அந்தப் பெரியவர் மிகவும் மனம் வருந்தினார். "ஹஜ்ஜுக்குப் போறவனைத் தடுக்கறீங்களே, நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை. நாம் செய்தது சரிதானா என்ற ஐயம் நமக்கும் இருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸை எட்டியது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு 83 பேர் உரிய அனுமதியின்றி வந்தவர்கள். காரணம் எளிது. அனுமதி இல்லாதவருக்குக் குளிரூட்டப்பட்ட கூடாரம் இல்லை, பேருந்து இல்லை, ரயில் இல்லை. கொதிக்கும் வெயிலில் நிழலின்றி நெடுந்தூரம் நடந்தே அவர்கள் ஒவ்வோர் இடத்தையும் அடைய வேண்டியிருந்தது. கூடாரமும் தண்ணீரும் மருத்துவமும் எத்தனை பேருக்கெனத் திட்டமிடப்பட்டனவோ, அந்தக் கணக்கிற்குள் அவர்கள் இல்லை. கணக்கில் இல்லாதவர்கள் கூடக்கூட, கணக்கில் உள்ளவர்களுக்கான இடமும் குறைகிறது. முறையில்லாமல் மடையைத் திறந்தால் கடைமடை காய்வது போலவே இதுவும்.

அந்தத் தம்பதியர் அடுத்த ஆண்டு ஹஜ் குழு வாயிலாகவே முறைப்படி சென்று நலமுடன் திரும்பினர். திரும்பிய மறுநாள் அந்தப் பெரியவர் பள்ளிக்கு வந்தார். பேச்சு ஒன்றும் இல்லை. ஒரு குப்பி ஸம்ஸம் நீரை நம் கையில் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஹாஜிகளுக்கு நம் வேண்டுகோள்

உங்கள் குழுவிற்குக் கல்லெறிய எந்த நேரம் குறிக்கப்பட்டுள்ளதோ அந்த நேரத்திலேயே செல்லுங்கள். பக்கத்துக் கூடாரத்தார் புறப்பட்டுவிட்டார்கள் என்பதற்காக நீங்கள் புறப்பட வேண்டாம். அவர்கள் முறை வேறு, உங்கள் முறை வேறு.

ஜம்ராவிற்கு மூட்டை முடிச்சுகளைக் கொண்டுசெல்லாதீர்கள். கீழே எது விழுந்தாலும், செருப்பாயினும் கைப்பேசியாயினும், குனிந்து எடுக்காதீர்கள். சென்ற வழியில் திரும்பாதீர்கள். உடன் வந்தவர் தவறிவிட்டால் கூட்டத்தை எதிர்த்து நடந்து தேடாமல், வெளியேறும் வழியில் சென்று, முன்னரே பேசி வைத்துக்கொண்ட இடத்தில் காத்திருங்கள். கையில் கட்டப்படும் அடையாளப் பட்டையை எந்நிலையிலும் கழற்றாதீர்கள். குடையும் தண்ணீரும் எப்போதும் உங்களுடன் இருக்கட்டும்.

கூட்டம் நெருங்கி, தோள்கள் இரு புறமும் அழுந்துவதை உணர்ந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. உடனே ஓரத்திற்கு, திறந்த இடத்திற்கு ஒதுங்குங்கள். அதற்கும் வழியில்லையெனில் இரு கைகளையும் மார்பிற்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல் கூட்டத்தின் போக்கிலேயே மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கிச் செல்லுங்கள். அருகில் எவரேனும் விழுந்தால் உடனே தூக்கி நிறுத்துங்கள். அவர் எந்த நாட்டவர், எந்த மொழியினர் என்று பார்க்க வேண்டாம்.

இளைஞர்களே, உங்கள் குழுவில் முதியோர் இருப்பின் அவர்களுடைய வேகமே உங்கள் வேகமாக இருக்கட்டும்.

ஊரில் இருக்கும் நமக்கு

ஹாஜிகளுக்கு மட்டும் அறிவுரை கூறிவிட்டு நாம் அமர்ந்துவிடுவது முறையாகாது. பெருநாள் தொழுகை முடிந்தவுடன் நாம் எல்லோரும் ஒரே வாயிலை நோக்கி விரைகிறோம். கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்வதையும் அந்த வாயிலிலேயே நின்று செய்கிறோம். பின்னால் குழந்தைகள் நசுங்குவது நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே அடுத்த பெருநாள் முதல் இரண்டு வாயில்களும் திறக்கப்படும். ஒன்று நுழைவதற்கு, மற்றொன்று வெளியேறுவதற்கு. பின் வரிசையினர் முதலில் வெளியேற, முன் வரிசையினர் சற்று அமர்ந்து துஆச் செய்துவிட்டு எழ வேண்டும் என நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. ஆம்புலன்ஸ் வந்து செல்லும் அகலத்திற்குப் பள்ளியின் முன்புறம் எந்நேரமும் காலியாக இருக்கும்.

தைப்பூச நாட்களில் சாலையோரத்தை நடப்போருக்கு விட்டுக்கொடுக்கும் ஏற்பாடும் தொடரும். அவர்கள் செல்லும் இடம் வேறு, வணங்கும் முறை வேறு. ஆயினும் கால் வலிக்க நடந்து, வீட்டில் உள்ளோர் நலத்திற்காக வேண்டிக்கொள்ளும் மனிதர்கள் அவர்கள். நம் ஹாஜிகள் அயல் நாட்டுச் சாலையில் நடக்கும்போது அவர்களுக்கு எவரேனும் வழிவிட வேண்டும் என நாம் விரும்புகிறோம் அல்லவா? அதையே நம் சாலையில் நடப்போருக்கு நாம் செய்கிறோம்.

அன்புக்குரிய ஹாஜிகளே! நீங்கள் திரும்பி வரும்போது ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவீர்கள். அவற்றோடு இன்னொரு செய்தியையும் எதிர்பார்க்கிறோம். "எங்கள் குழுவில் எவரும் முறை தவறவில்லை, எங்களால் எவருக்கும் துன்பமில்லை" என்று நீங்கள் இந்தப் பள்ளியில் வந்து சொல்ல வேண்டும். அந்தச் சொல் உங்கள் ஹஜ்ஜுக்கு அழகு சேர்க்கும்.

உங்கள் பயணத்தை அல்லாஹ் எளிதாக்குவானாக! உங்கள் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜாக ஆக்குவானாக! அந்தப் புனித மண்ணில் நெரிசலிலும் தீயிலும் வெப்பத்திலும் உயிர் நீத்த அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனத்தை வழங்குவானாக! அரஃபாவில் நீங்கள் கையேந்தும் வேளையில் நம் ஜமாஅத்தையும், மழையை எதிர்பார்த்திருக்கும் இந்தக் காங்கேய மண்ணையும், இங்கு வாழும் எல்லா மக்களையும் நினைவில் கொள்ளுமாறு வேண்டி நிறைவு செய்கிறோம்.

வஸ்ஸலாம்.